தள்ளுபடிக் காலமும் சுடும் விளையாட்டுகளும்: மலையக ரசிகருக்கு ஓர் ஆய்வு

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா முதலிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் இளைஞர்களிடையே வீடியோ கேம் இன்று விளக்கம் வேண்டாத ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கைத்தொலைபேசியில் ஃப்ரீ ஃபயர், பப்ஜி முதலியவற்றை நண்பர் குழாமாகச் சேர்ந்து ஆடுவோரே எனினும், அக்கூட்டத்தினின்றும் சற்று ஒதுங்கி, திரையின் அடியில் நிற்கும் ஒரு சிறு விமானத்தைச் செலுத்தி, மேலிருந்து அணியணியாக இறங்கும் பகைவரைச் சுட்டு, அவர் பொழியும் குண்டுகளுக்கிடையே வழிகண்டு தப்பும் பழைய ஆர்கேட் பாணி ஷூட்டிங் கேம்களிலேயே மனத்தைப் பறிகொடுத்த ரசிகரும் இருக்கிறார்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக் கடையில் வருஷத்திற்குச் சில முறை பெருந்தள்ளுபடி வருகிறது. அப்பொழுது இவ்வகை விளையாட்டுகள் பாதி விலைக்கும் அதற்குக் கீழும் இறங்குகின்றன. அவற்றுள் எதை வாங்குவது, எதை விடுவது, எதற்காகக் காத்திருப்பது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம்.

பணக்கார நாட்டு ரசிகனுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். மலைநாட்டில் இதற்குக் கனமுண்டு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான், நெடுங்காலப் போராட்டத்திற்குப் பிறகு, 1350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. இகாருகா என்ற பிரசித்தி பெற்ற ஜப்பானிய விளையாட்டின் அமெரிக்க விலை 9.99 டாலர். டாலருக்கு 300 ரூபா என்று கொண்டால் அது ஏறத்தாழ 3000 ரூபாவாகும். 2024இன் அந்தச் சம்பளத்தில், கொழுந்துக்கூடையைத் தலையில் தொங்கவிட்டு இரண்டு நாள் மலையேறி இறங்கினாலும் அந்தத் தொகை முழுமையாகக் கைக்கு வரவில்லை. பாதி விலைக்கு வந்தால்கூட அப்போதைய ஒரு நாட்சம்பளத்தை அது மிஞ்சிவிட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலோ, மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டாலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. விளையாட்டின் விலை ஒரு சதமும் உயராமலே நமக்கு மட்டும் அது முக்கால் பங்குக்கும் மேலாக ஏறிற்று. ஆகையால், தாயோ தமையனோ ஈட்டிய பணத்தைக் கொண்டு ஒரு பிள்ளை விளையாட்டு வாங்கும்போது, அந்தப் பணம் வீண் போகாதவாறு வழி சொல்லுவது கௌரவமான காரியம் என்றே கருதுகிறேன்.

இந்த விளையாட்டு வகையின் சரித்திரத்தைச் சிறிது அறிந்தாலன்றி நல்லதையும் அல்லாததையும் பிரித்தறிதல் இயலாது. 1978ஆம் ஆண்டு ஜப்பானில் டைட்டோ கம்பெனியின் நிஷிகாடோ டோமோஹிரோ என்பவர் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற யந்திரத்தை உருவாக்கினார். அதில் பகைவர் கூட்டம் குறையக் குறைய எஞ்சியவரின் வேகம் ஏறிக்கொண்டே போகும். அக்காலத்து மின்மூளையின் சக்தி சிறிதாகையால், திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தபோது மிச்சமிருந்தவை தாமாகவே விரைந்தன. அந்தக் குறையைத் திருத்தாமல், ஆட்டத்தின் உயிர் அதுவே என்று கண்டுகொண்டு அப்படியே விட்டுவைத்ததில் நிஷிகாடோவின் மேதை விளங்குகிறது. இலங்கையில் அப்பொழுது தொலைக்காட்சியே இல்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும், ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. தோட்டத்து லயங்கள் பலவற்றிற்கு மின்சாரம் எட்டியதோ அதற்கும் வெகுகாலம் சென்ற பின்னரே. ஆதலால், டோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் நாணயம் போட்டு ஆடும் கூடங்கள் பெருகிப் பொலிந்து தேய்ந்த அந்தப் பொற்காலம் மலையகத்தைத் தீண்டாமலே கடந்து போயிற்று. பின்னாளில் நமக்குக் கிடைத்தது டீவி கேம் என்று வழங்கிய மலிவான பெட்டியும், ஒரே வில்லையில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக மேலட்டையில் அச்சிட்டு, உள்ளே சிலவற்றையே திரும்பத் திரும்பக் கொடுத்த கேசட்டுகளுமே. கலக்ஷியன், கலகா முதலியவற்றை நம்மவர் பலர் முதன்முதல் அறிந்தது அப்பெட்டிகளின் வாயிலாகத்தான். அவற்றைச் செய்தவர் யார் என்பதை அறிய அங்கே வழியில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. 1984இல் கப்கொம் கம்பெனி வெளியிட்ட 1942 என்ற விளையாட்டில், ஆடுபவர் ஓர் அமெரிக்கப் போர் விமானத்தில் ஏறி, பசிபிக் கடல்மீது ஜப்பானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டு டோக்கியோவை நோக்கிச் செல்கிறார். அதை வடிவமைத்தவர் ஒகமோட்டோ யோஷிகி என்ற ஜப்பானியர். அந்த 1942ஆம் ஆண்டில்தான், ஏப்ரல் 5ஆம் தேதி உயிர்த்த ஞாயிறன்று, நகுமோ என்ற தளபதியின் கப்பற்படையிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீதும், நான்கு நாள் கழித்துத் திருகோணமலையின்மீதும் குண்டு வீசின; ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் அமிழ்ந்தது. தலைப்பிலுள்ள அந்த ஆண்டு பிற நாட்டுச் சிறுவருக்கு வெறும் இலக்கமாயிருக்கலாம். இலங்கைச் சிறுவனுக்கு அது தன் வீட்டுச் சரித்திரம்.

1978க்குப் பின்வந்த இருபது வருஷங்களில் இக்கலை அடைந்த வளர்ச்சி வியக்கத்தக்கது. 1981இன் கலகா, பகைவனிடம் சிறைப்பட்ட தன் கப்பலை மீட்டு இரட்டைக் கப்பலாகப் போரிடும் துணிகர இன்பத்தைத் தந்தது. 1985இல் கொனாமியின் கிரேடியஸ், எந்த ஆயுதத்தை எப்பொழுது பெறுவது என்ற தீர்மானத்தை ஆடுபவர் கையிலேயே ஒப்படைத்தது. 1987இல் ஐரெம் கம்பெனியின் ஆர்-டைப், கப்பலுக்கு முன்னும் பின்னும் பொருத்தத்தக்க ஒரு காவற்கோளத்தைக் கொடுத்து, அதை எங்கே வைப்பது என்பதையே ஆட்டத்தின் சாரமாக்கிற்று. பின்னர் டோவாபிளான் என்ற சிறிய கம்பெனி, 1993இல் பட்ஸுகுன் என்ற ஆட்டத்தில், திரை நிறையக் குண்டுகளைப் பரப்பும் பாணிக்கு வித்திட்டு, மறு வருஷமே கடனில் மூழ்கிற்று. அதிலிருந்து வெளியேறியவர்களுள் இகெடா ட்ஸுனெகி முதலியோர் சேர்ந்த கேவ் கம்பெனி, 1995இல் டோன்பச்சியையும் 1997இல் டோடோன்பச்சியையும் செய்து அந்தப் பாணியை முழுமைப்படுத்தியது. திரையெங்கும் செந்நிறக் குண்டுகள் பூக்கோலமாய் விரியும்போது, பார்ப்பவர் இதில் எவனும் பிழைக்க முடியாதென்று நினைப்பார். ஆயினும் கப்பலின் முழு உருவமும் காயப்படக்கூடியதன்று, அதன் நடுவிலுள்ள மிகச் சிறிய இடத்தில் பட்டால்தான் அழிவு என்ற இரகசியத்தை அறிந்தவர், அந்தக் கோலத்தின் இடைவெளிகளில் நிதானமாக நுழைந்து செல்வார்.

இங்கேதான் வாங்குபவர் பலர் தடுமாறுகிறார்கள். நாணயம் போடும் யந்திரத்தின் முதலாளிக்கு வேண்டியது, ஓர் ஆட்டக்காரன் சில நிமிஷங்களுக்குள் தோற்று அடுத்த நாணயத்தைப் போடுவது; ஆட்டக்காரனுக்கு வேண்டியதோ ஒரே நாணயத்தில் இறுதிவரை செல்வது. இவ்விரு நோக்கங்களின் இழுபறியிலிருந்தே இவ்வகையின் கடுமையும் நேர்மையும் பிறந்தன. விளையாட்டு வீட்டுக் கணினிக்கு வந்தபோது நாணயம் மறைந்தது. தோற்ற இடத்திலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம் என்ற சலுகை வந்தது. அச்சலுகையைப் பயன்படுத்தி அரைமணி நேரத்தில் கடைசிப் பாஸைக் கொன்று, முடிவுத் திரையைக் கண்டு, இவ்வளவுதானா, இதற்கா பணம் கொடுத்தேன் என்று மனம் கசந்து எழுந்து விடுகிறவர் மிகப் பலர். அவர்கள் வாங்கிய பண்டத்தின் தோலை மட்டும் கண்டவர்கள். தொடர்தல் இன்றி ஒரே உயிர்த்தொகுதியில் முதலிலிருந்து கடைசிவரை செல்வது என்ற விரதத்தை ஏற்றுக்கொண்டால், அதே அரைமணி நேர ஆட்டம் பல மாதங்கள் நம்மை ஈர்த்து வைத்திருக்கும். முதல் நாள் இரண்டாம் கட்டத்தில் மடிந்தவர், சில வாரத்தில் நான்காம் கட்டத்தை அடைந்து, எந்த இடத்தில் எந்தப் பகைவன் தோன்றுவான், அவன் குண்டு எப்பக்கம் விரியும், அதற்குமுன் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் உடம்பே அறிந்துகொள்ளும் நிலையை எய்துவார். அதற்கும் மேலே புள்ளி சேர்க்கும் சூட்சுமங்கள் என்ற தனி உலகமே இருக்கிறது. ஆகவே, எத்தனை சதவீதம் தள்ளுபடி என்ற கணக்கைவிட, திரும்பத் திரும்ப ஆடத் தூண்டும் ஆழம் அந்த விளையாட்டில் உண்டா என்ற கேள்வியே முதற்கண் கேட்கத்தக்கது.

மலைநாட்டின் சூழ்நிலைக்கு இவ்வகை எவ்வளவு பொருந்துகிறதென்பதை ரசிகரே முழுமையாக உணர்ந்தாரில்லை. கால் ஒஃப் டியூட்டி முதலிய பெரும் விளையாட்டுகள் நூறு கிகாபைட்டையும் தாண்டி வளர்ந்துவிட்டன. மலை மடிப்புகளில் சிக்னல் வந்து வந்து மறையும் ஓர் இடத்தில், டேட்டா அட்டைக்குப் பணம் கட்டி அவற்றை இறக்குதல் நடவாத காரியம். நல்ல சுடும் விளையாட்டுகளோ அவற்றின் அருகே வைத்தெண்ணவும் தகாத சிற்றளவின. ஒருமுறை இறக்கிவிட்டால் ஆடுவதற்குப் பெரும்பாலும் இணையம் வேண்டியதில்லை. கொழும்பு அலுவலகங்களில் கழித்து, ஹட்டன் கடைகளில் பழைய சரக்காக விற்கப்படும் கணினியே பலவற்றிற்குப் போதும். கைப்பிடி வாங்க வேண்டுமே என்ற கவலையும் வேண்டா. இவ்வகைக்கு எட்டுத் திசை அசைவே தேவையாதலின், விசைப்பலகையின் அம்புக்குறிகள் அந்த வேலையைத் திறம்படச் செய்கின்றன. 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டிருந்த காலத்திலும், மடிக்கணினியின் மின்கலத்தில் ஓர் ஆட்டம் முழுதாக ஆடி முடிக்க இயன்ற விளையாட்டு இதுதான். இன்னும் ஒரு பொருத்தம் உண்டு. ஆயிரம் இலைகள் அடர்ந்த பச்சை விரிப்பில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே நிற்கிறதென்று நொடியில் கண்டு விரலைச் செலுத்தும் கொழுந்து பறிப்பவளின் பார்வை எத்தகையதோ, அத்தகையதே குண்டுத்திரளில் இடைவெளியைக் காணும் தேர்ந்த ஆட்டக்காரனின் பார்வையும்.

இனித் தள்ளுபடியின் இயல்பைச் சொல்லவேண்டும். ஸ்டீம் கடையின் பெருவிற்பனைகள் பருவந்தோறும் நிகழ்கின்றன. அவற்றுள் ஜூன் இறுதியில் தொடங்குவது நமக்குத் தென்மேற்குப் பருவமழை உக்கிரமாயிருக்கும் காலம்; ஹட்டன் பக்கத்தில் வெளியே கால் வைக்க இயலாத மாலைகள் அவை. டிசம்பர் பிற்பகுதியில் வருவது பள்ளி விடுமுறைக் காலம். இடையில் ஒரே வகையைச் சேர்ந்த விளையாட்டுகளுக்கென்று தனி விழாக்களும் வைக்கப்படுவதுண்டு. 2023 செப்டம்பர் இறுதியில் இவ்வகைச் சுடும் விளையாட்டுகளுக்கென்றே ஒரு வாரம் ஒதுக்கப்பட்டது. ஆகையால், விருப்பப் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டுப் பொறுத்திருப்பவருக்கு நஷ்டமில்லை. விலை இறங்கும்போது கடையே மின்னஞ்சலில் அறிவிக்கும். தீபாவளி அட்வான்ஸ் கையில் வந்த சூட்டில் முழு விலைக்கு வாங்கிவிடுவது விவேகமன்று.

இலங்கை முதலிய தெற்காசிய நாடுகளுக்கென்று ஸ்டீமில் தனி டாலர் விலைப்பட்டியல் உண்டு. ஆனால் அதில் என்ன விலை வைப்பதென்பது ஒவ்வொரு வெளியீட்டாளரின் சித்தம். சிலர் நம் நிலையை அறிந்து தாராளமாகக் குறைத்திருக்கிறார்கள், சிலர் அமெரிக்க விலையையே இங்கும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு விளையாட்டு இதுவரை இறங்கிய மிகக் குறைந்த விலை எதுவென்பதை ஸ்டீம்டிபி என்ற தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அதைப் பாராமல் வாங்கவே கூடாது. வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் உண்டு. முப்பது நிமிஷத்தில் ஒரு சுற்று முடியும் இவ்வகைக்கு இரண்டு மணி நேரம் என்பது தாராளமான பரீட்சைக் காலம். ஒரே வீட்டார் அறுவர் வரை ஒரு குடும்பமாகப் பதிந்துகொண்டு தம் விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் 2024 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஒரே பிரதியை ஒரே சமயத்தில் இருவர் ஆட இயலாதெனினும், அண்ணன் வேலைக்குப் போனபின் தம்பி ஆடத் தடையில்லை.

முதலில் காசு கேட்காதவற்றைச் சொல்லிவிடுகிறேன். கப்கொம் ஆர்கேட் ஸ்டேடியம் என்ற தொகுப்பை 2021 முதல் ஸ்டீமில் இலவசமாக இறக்கலாம். மற்ற ஆட்டங்களுக்கு விலை உண்டெனினும், 1987இல் வந்த 1943 என்ற ஆட்டம் அதனுடன் சும்மாவே வருகிறது. மேலே சொன்ன 1942இன் தம்பி இது. உயிர்களுக்குப் பதிலாக, நொடிக்கு நொடி தேய்ந்துகொண்டே வரும் ஒரு சக்திக்கோட்டை வைத்துக்கொண்டு, யமாட்டோ என்ற பெருங்கப்பலை நோக்கிப் போவதும், இருவர் சேர்ந்து ஆடலாம் என்பதும் இதன் விசேஷங்கள். ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும், தவறிய கணத்திற்குப் பின்னோக்கிச் செல்லவும் வசதி இருப்பதால், புதியவர் பழகுவதற்கு இதைக் காட்டிலும் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. 1995இல் வெளிவந்த டைரியன் என்ற ஆட்டத்தின் விரிவான பதிப்பும் 2004 முதல் அதன் ஆக்கியோராலேயே இலவசமாக விடப்பட்டிருக்கிறது. எவ்வளவு பழைய கணினியாயினும் அது ஓடும். ஆயுதங்களை விலைக்கு வாங்கிச் சேர்க்கும் மேல்நாட்டு மரபுக்கு அது உயர்ந்த உதாரணம். இவ்விரண்டையும் நன்றாக ஆடிப் பார்க்காதவர் பணத்தை எடுக்கவே வேண்டியதில்லை.

விலை கொடுத்து வாங்குவனவற்றுள் என் முதல் இடம் ஸீரோரேஞ்சர் என்ற ஆட்டத்திற்கு. பின்லாந்து தேசத்தில் இருவரே சேர்ந்து நெடுநாள் பாடுபட்டு 2018இல் வெளியிட்டது அது. பச்சையும் செம்மஞ்சளுமாகிய நிறங்களையே பெரும்பாலும் கொண்டு திரையைத் தீட்டியிருக்கும் அழகு ஒரு புறம் இருக்க, கற்றுக்கொடுக்கும் முறையிலே அதற்கு நிகர் கண்டிலேன். தொடரும் வாய்ப்புகளை அது இலவசமாக வாரி இறைக்காமல், ஆடி ஆடிச் சேர்த்த புள்ளிகளுக்கு ஈடாகச் சிறிது சிறிதாக வழங்குகிறது. எட்டிய கட்டத்திலிருந்து மறுபடி தொடங்கவும் விடுகிறது. ஆதலின் தோல்வியிலும் ஏதோ ஒரு வரவு இருக்கிறது. முன்னோர் செய்த கிரேடியஸ், ஆர்-டைப் முதலியவற்றின் மீது அவ்விருவருக்கிருந்த பக்தி ஒவ்வொரு கட்டத்திலும் தெரிகிறது. ஆயினும் கதை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை முன்னரே அறிந்துகொள்ளாமல் ஆடவேண்டும். இதைப் பற்றி இதற்குமேல் எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகமாகும்.

இகாருகா வேறு தரம். ட்ரெஷர் கம்பெனியில் இயுச்சி ஹிரோஷி 2001இல் இயக்கிய இவ்வாட்டம் 2014இல் ஸ்டீமுக்கு வந்தது. கப்பல் வெண்மை, கருமை என்னும் இரு தன்மைகளை மாறி மாறி ஏற்கும். தன் நிறத்துக் குண்டுகளை உட்கொண்டு சக்தியாக்கிக்கொள்ளும், எதிர் நிறத்துக் குண்டால் அழியும். இந்த ஒரே விதியிலிருந்து ஐந்து கட்டங்களையும் ஒரு கணிதச் சூத்திரத்தின் கண்டிப்போடு விரித்திருக்கிறார். பேரழகு உடையது, பெருங்கொடுமையும் உடையது. அடுத்து வருவதை மனப்பாடம் செய்யச் சம்மதியாதவருக்கு இதில் ஒரு சுகமும் இல்லை. ஆகையால், இதை முதல் விளையாட்டாக வாங்கும் புதியவர் இவ்வகையையே வெறுத்துவிடக்கூடும். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ, அதுவும் பாதி விலைக்கு வந்தபின் வாங்குவதே முறை.

குண்டுத்திரள் பாணியை நாடுவோருக்குக் கேவ் கம்பெனியின் முஷிஹிமெசாமா சிறந்த வாயில். பூச்சிகளின் காட்டில் ஒரு பெரிய வண்டின்மீது ஏறிச் செல்லும் இளவரசியின் கதை அது; 2004இல் ஆர்கேட் கூடங்களுக்கு வந்து, 2015இல் கணினிக்கு வந்தது. அந்தக் காடு நம் மலைக்காட்டினர்க்கு அந்நியமாகத் தோன்றாது. புதியவருக்கான எளிய முறையிலிருந்து, உலகில் சிலரே வெல்லக்கூடிய அதிகடினமான முறைவரை ஒரே ஆட்டத்தில் அடங்கியிருப்பதால், கொடுத்த பணத்திற்கு இதைவிட நீண்ட ஆயுள் உடையது வேறு காணேன். இதை ஆடித் தேறியவர் டோடோன்பச்சி ரெஸரெக்ஷனுக்குப் போகலாம். யொட்ஸுபானே என்ற தனி மனிதர் படைத்த கிரிம்ஸன் குளோவர், கேவ் ஆட்டங்களுக்கே சவால் விடும் ஆரவாரம் உடையது. திரையிலுள்ள பகைவர் பலரை ஒரே சமயத்தில் குறிவைத்துச் சிதறடிக்கும் அந்த உற்சாகத்தை ஒருமுறை ருசித்தவர் விடார். தொஹோ வரிசையும் ஒருவரே நிரல் எழுதி, படம் வரைந்து, இசையும் அமைத்துச் செய்தது. 2017 முதல் ஸ்டீமில் கிடைக்கிறது. அதன் இசைக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. டோவாபிளானின் பழைய ட்ரக்ஸ்டன் முதலியன 2023இல் கணினிக்கு வந்திருக்கின்றன. பழமையின்மீது காதலுள்ளவர் தவிர மற்றவர் பொறுக்கலாம்.

வீட்டில் பிள்ளைகள் பலர் இருந்தால் ஜேம்ஸ்டவுன் என்ற ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட அதில் ஒரே திரையில் நால்வர் கூடி ஆடலாம்; ஒருவர் உயிருடன் இருக்கும் வரை மற்றவர் மீண்டு வர வழியுண்டு. ஒற்றைக் கணினியைச் சுற்றி ஒண்டிக்கிடக்கும் லயத்து வாழ்க்கைக்கு அது மிகப் பொருத்தம். அதன் கதையோ, பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் செவ்வாய்க் கிரகத்திலே குடியேற்றம் நாட்டியதாகக் கற்பித்த விபரீதக் கதை. வெர்ஜீனியாவில் உண்மையாக இருந்த ஜேம்ஸ்டவுன் புகையிலைத் தோட்டங்களால் செழித்த குடியேற்றம். அங்கே அந்நிய மண்ணைப் பிடித்துத் தோட்டம் போட்ட அதே இனத்தாரின் சந்ததியினரே பின்னாளில் நம் பாட்டன்மாரைத் தென்னிந்தியாவிலிருந்து இம்மலைகளுக்குக் கொண்டுவந்தார்கள். இதை எண்ணிக்கொண்டு ஆடும்போது, அந்தக் கதையின் கற்பனை நம்மவருக்கு வேறு விதமாகவே படுகிறது.

கணினி இல்லாதவர் கைத்தொலைபேசியிலேனும் நல்லதை ஆடவேண்டுமெனில் டன்மாகு அன்லிமிடெட் 3 இருக்கிறது. ஒருமுறை சிறுதொகை கொடுத்தால் போதும், பிறகு விளம்பரத் தொல்லை இல்லை. இலவசம் என்று சொல்லி நிமிஷத்திற்கொரு விளம்பரம் காட்டி, கப்பலை வலுப்படுத்தக் காசு கேட்கும் விமானச் சண்டை ஆட்டங்கள் தொலைபேசிக் கடையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் திறமைக்கு இடமில்லை. பணம் கொடுத்தவன் வெல்வான். சிறுவர் கையில் அவற்றைத் தருவதை நான் ஒப்பமாட்டேன். முப்பது நாற்பது ஆட்டங்களை ஒரே கட்டாகச் சேர்த்துத் தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி என்று விற்கும் மூட்டைகளையும் தவிர்க்க வேண்டும். அவற்றுள் ஒன்றிரண்டு தேறும், மற்றவை திறக்கப்படாமலே கிடக்கும்.

திருட்டுப் பிரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நூறு ரூபா சீடியும், பின்னாளில் பென்ட்ரைவில் கேட்டதை ஏற்றிக்கொடுக்கும் கடைகளும் இல்லையேல் மலையகத்தில் ஒரு தலைமுறை கணினி விளையாட்டையே அறிந்திராது என்பதை நான் மறுக்கவில்லை. வசதியற்றவரைக் குற்றவாளி என்று வைவதும் என் நோக்கமன்று. ஆயினும் இவ்வகை விளையாட்டைச் செய்வோர் பெரும்பாலும் ஒருவர், இருவர், மிஞ்சினால் ஒரு சிறு கூட்டம். பின்லாந்தின் ஹவுஸ்மார்க் கம்பெனி, ஆர்கேட் மரபின் மூத்த கலைஞர் யூஜின் ஜார்விஸின் துணையோடு 2017இல் செய்த நெக்ஸ் மகினா என்ற அருமையான ஆட்டம் விமர்சகரின் ஏகோபித்த பாராட்டைப் பெற்றும் விலைபோகவில்லை. அவ்வருஷ இறுதியில் அந்தக் கம்பெனி, ஆர்கேட் பாணி இறந்துவிட்டது என்று பகிரங்கமாக அறிவித்து வேறு வகைக்குப் போய்விட்டது. தள்ளுபடி விலையிலாவது நாம் கொடுக்கும் பணம் இக்கலையை உயிரோடு வைத்திருக்கிறது. உழைத்தவன் கூலி பெறவேண்டும் என்பதை மலையகத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, இந்த வருஷம் ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கிறதென்று கூறும் ரசிகருக்கு என் தீர்ப்பு இது: இன்றே 1943ஐ இலவசமாக இறக்கித் தொடர்தலின்றி ஆடிப் பழகுங்கள், ஸீரோரேஞ்சரை விருப்பப் பட்டியலில் சேர்த்து, அது முன்னர் இறங்கிய மிகக் குறைந்த விலையை அணுகும் வரை பொறுத்திருந்து வாங்குங்கள், வீட்டில் ஆடுவோர் பலரானால் அதற்குப் பதில் ஜேம்ஸ்டவுனை வாங்குங்கள், வாங்கியதை ஒரே உயிர்த்தொகுதியில் முடிக்கும்வரை அடுத்ததற்குப் பணம் செலவிடாதீர்கள்.